கதவைச் சாத்திக்கொண்ட நான்கு மாதங்கள்

அப்பா நோயில் விழுந்து இறந்தார், அதே ஆண்டில் வேலையும் போனது, நான்கு மாதங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நண்பர்களின் போனை எடுக்கவில்லை. மருத்துவமனை, காகித வேலைகள், அம்மா என்று எல்லாவற்றையும் தங்கைதான் தனியாகப் பார்த்துக்கொண்டாள். ஓராண்டு கழிந்து இப்போது புதிய வேலையில் இருக்கிறீர்கள். "சோதனை வந்தால்தான் குணம் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தது, என் குணமும் தெரிந்துவிட்டது. மன உறுதி பிறவியிலேயே வருவதா, பிறகு வளர்த்துக்கொள்ள முடியுமா?" என்பது உங்கள் கேள்வி.

மூன்று முறை படித்தேன். உறுதி பிறவியில் வருகிறதா என்பதற்கு ஒரு பத்தியில் பதில் சொல்லிவிடலாம், பின்னால் சொல்கிறேன். ஆனால் நீங்கள் அதைத் தெரிந்துகொள்வதற்காக நள்ளிரவில் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டீர்கள். நான் உள்ளுக்குள் மோசமானவன்தானா, இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். பெரும்பாலும் நீண்ட நோய், மரணம், வேலை இழப்பு இவற்றில் சிக்கிய குடும்பங்களோடு வேலை. இருந்தும், ஒரு கடிதத்தை வைத்து ஒரு மனிதரை எடைபோட என்னால் முடியாது. உங்கள் தங்கையின் தரப்பு எனக்குத் தெரியாது. கீழே சொல்வதில் ஆய்வுகளால் நன்றாக உறுதியானவை எவை, என் அனுபவத்தில் தோன்றியவை எவை என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். தூக்கம் கெட்டது, குளிக்கக்கூட எழ முடியவில்லை, பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை, இது மாதக்கணக்கில் நீடித்தது என்று நீங்கள் விவரித்திருப்பது எங்கள் துறையில் மிகவும் பழகிய ஒரு படம். இத்தகைய அறிகுறிகள் கிட்டத்தட்ட எல்லா நாளும், நாள் முழுக்க, இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலே மனச்சோர்வு நோயா என்று மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு இருந்தது அந்த நோய்தான் என்று இங்கிருந்து நான் சொல்ல மாட்டேன். நேரில் பார்க்காமல் சொல்வது தவறு. ஆனால் அதுவாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படியானால் நீங்கள் குணக்கேடு என்று பெயர் வைத்திருப்பது நோயின் பெயராக இருக்கலாம். கால் முறிந்தவர் ஓடவில்லை என்று யாரும் அவர் குணத்தைக் குறை சொல்வதில்லை. அந்த அறிகுறிகளில் எதுவும் இன்னும் மிச்சமிருந்தால், குறிப்பாக வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால், இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல் ஒரு மருத்துவரிடமோ அருகில் இருப்பவரிடமோ இன்றே சொல்லுங்கள்.

சரி, சோதனையில்தான் குணம் தெரியும் என்ற பேச்சுக்கு வருவோம். இதை ஆய்வாளர்கள் உண்மையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1920களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லவும் காப்பியடிக்கவும் திருடவும் பலவிதமான வாய்ப்புகளை ஏற்படுத்திக் கவனித்தார்கள். நேர்மையான பிள்ளை எங்கும் நேர்மையாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. தேர்வில் காப்பியடித்த பிள்ளை விளையாட்டில் ஏமாற்றவில்லை. விளையாட்டில் ஏமாற்றியது காசைத் தொடவில்லை. ஒரு சூழலை வைத்து இன்னொன்றைக் கணிப்பது மிகக் கடினமாக இருந்தது.

1973இல் வெளியான இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. பிரின்ஸ்டனில் இறையியல் படிக்கும் 40 மாணவர்களை டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் உரையாற்றச் சொன்னார்கள். வழியில் ஒருவர் வாசலில் சரிந்து கிடந்து இருமிக்கொண்டிருப்பார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடுங்கள் என்று சொல்லப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். பாதிப் பேர் பேசப் போன தலைப்பே, வழியில் விழுந்து கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. தலைப்பு அவர்கள் நடத்தையைக் குறிப்பிடும்படி மாற்றவில்லை. நெருக்கடிதான் மாற்றியது.

40 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். குணம் என்ற ஒன்றே கிடையாது என்றும் இதிலிருந்து சொல்லக் கூடாது. ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவர்கள் உண்டு, அது மிகையான முடிவு. குணம் உண்டு. பல நாள், பல இடங்களில் ஒருவரைப் பார்த்து அதன் சராசரியை எடுத்தால் அது ஆண்டுக்கணக்கில் நிலையாகவே இருக்கிறது. மிஷல் என்ற உளவியலாளர் பிற்காலத்தில் காட்டியது போல, இன்ன சூழல் வந்தால் இவர் இப்படி நடப்பார் என்ற தனிப்பட்ட வடிவமும் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. ஒருவரை அவருடைய மிக மோசமான ஒரே கட்டத்தை வைத்து அளக்க முடியாது என்பதுதான் இதில் உறுதியான பகுதி. உங்கள் கடிதத்திலேயே, பள்ளியில் படிக்கும்போது தங்கையின் நீண்ட காய்ச்சலில் இரவு முழுக்க விழித்திருந்ததைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். அந்த இரவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

இப்போது நீங்கள் கவனிக்காமல் எழுதிய இன்னொரு வரி. "தங்கை இரும்பு மாதிரி. அவளுடைய தோழி தினமும் ராத்திரி போன் செய்வாள், அரை மணி நேரம் பேசிவிட்டு மறுபடி வேலையைப் பார்ப்பாள்." இதைத் தங்கையின் உறுதிக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் உங்கள் கேள்விக்கான பாதிப் பதிலாகத் தெரிகிறது. அவளுக்கு ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம் இன்னொரு மனித மனம் கிடைத்தது. உங்களுக்குக் கிடைக்கவில்லை, நீங்களே அடைத்துவிட்டீர்கள் என்பது உண்மைதான், அதற்கு வருகிறேன். ஆனால் ஒருவர் இரும்பு, இன்னொருவர் களிமண் என்று இதைப் படிக்க வேண்டிய அவசியமில்லை.

ஜேம்ஸ் கோன் என்ற ஆய்வாளர் 2006இல் திருமணமான 16 பெண்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, காலில் லேசான மின்அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார். தனியாக இருந்தபோது மூளையின் அச்சம் சார்ந்த பகுதிகள் அதிகமாக வேலை செய்தன. முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்திருந்தபோது கொஞ்சம் குறைந்தது. கணவரின் கையைப் பிடித்திருந்தபோது இன்னும் குறைந்தது, அதுவும் நல்ல உறவில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக. இதுவும் சிறிய ஆய்வுதான். என்றாலும் இது காட்டும் திசையும், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களைப் பற்றிய 148 ஆய்வுகளை 2010இல் ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்பு காட்டும் திசையும் ஒன்றே: உறவுகள் வலுவாக இருந்தவர்கள் அந்த ஆய்வுக் காலங்களில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகமாக இருந்தது. உறவுதான் முழுக் காரணம் என்று இதை வைத்து அறுதியிட முடியாது. உடல்நலம் கெட்டவர்களுக்கு உறவுகளைப் பேணுவதே கடினமாகவும் இருக்கலாம். ஆனால் நாம் மன உறுதி என்று தனி மனிதருக்குள் தேடுவதில் ஒரு பெரும் பங்கு இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்தத் துறையில் நான் மாணவர்களுக்கு எப்போதும் முதலில் சொல்லித்தரும் ஆய்வு ஹவாயின் கவாய் தீவில் நடந்தது. எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் இருவரும் அங்கே 1955இல் பிறந்த 698 குழந்தைகளை நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, பிறப்பில் சிக்கல், வீட்டில் ஓயாத சண்டை, பெற்றோருக்கு மனநோய் அல்லது குடி என்று பல பாரங்களோடு வளர்ந்தவர்கள். அந்தப் பாரம் சுமந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நம்பிக்கையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார். அவர்களிடம் என்ன இருந்தது என்று பார்த்தபோது பிறவிச் சுபாவமும் இருந்தது, இணக்கமான குழந்தைகளாக இருந்தார்கள். கூடவே, தாயோ பாட்டியோ ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ, தன்னை உறுதியாக ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவராவது அவர்கள் வாழ்க்கையில் இருந்தார்.

இந்த முதல் பாதிதான் எல்லாராலும் மேற்கோள் காட்டப்படுகிறது. எனக்கு இரண்டாம் பாதி முக்கியம், உங்களுக்கும் அதுதான். மிச்சம் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் பதின்வயதுக்குள் தடம் புரண்டவர்கள். படிப்பு கெட்டது, போலீஸ் வழக்கு, மனநலப் பிரச்சினை, இளவயது கர்ப்பம். பதினெட்டு வயதில் கணக்கை மூடியிருந்தால் அவர்களைத் தோற்றவர்கள் என்று எழுதியிருப்பார்கள். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் போய்ப் பார்த்தபோது அவர்களில் பெரும்பாலானோர் மீண்டிருந்தார்கள். விட்ட படிப்பைத் தொடர்ந்தது, ராணுவத்தில் சேர்ந்தது, நிதானமான ஒருவரை மணந்தது, ஒரு சமயக் குழுவில் இணைந்தது, உயிருக்கு ஆபத்தான நோயிலிருந்து பிழைத்தது என்று திருப்பங்கள் வெவ்வேறாக இருந்தன. அவற்றில் பல, இன்னொரு மனிதரோ குழுவோ இவர்களை உள்ளே சேர்த்துக்கொண்ட திருப்பங்கள். நீங்கள் நான்கு மாதங்களில் கணக்கை மூடப் பார்க்கிறீர்கள்.

பிறவியா வளர்ப்பா என்பதற்கான பதிலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரட்டையர்களையும் குடும்பங்களையும் வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்தால், மனிதர்களுக்கிடையே சுபாவத்தில் காணும் வேறுபாட்டில் சுமார் 40 சதவீதம் மரபணுவோடு தொடர்புடையது. இது மக்கள்தொகையைப் பற்றிய கணக்கு. உங்கள் சுபாவத்தில் 40 சதவீதம் பிறவி என்று பொருளல்ல. சுபாவம் மாறுமா என்றால், மாறும். 2017இல் 207 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், மனநல சிகிச்சைக்குப் பிறகு குறிப்பாகப் பதற்றம் குறைந்து மனம் நிலைப்படுவதில் நல்ல மாற்றம் தெரிவதாகவும் அது நீடிப்பதாகவும் கண்டார்கள். அவ்வளவுதான், இதற்கு மேல் அந்தக் கேள்வியில் மெனக்கெட வேண்டாம்.

அப்புறம், உங்களிடம் நான்கு பேர் சொல்லியிருக்கக்கூடிய, நான் முழுதாக நம்பாத இரண்டு விஷயங்கள். துன்பம் மனிதனைப் புடம்போட்டு உயர்த்தும் என்பது ஒன்று. துன்பத்துக்குப் பின் வளர்ந்ததாகப் பலர் உணர்கிறார்கள், அந்த உணர்வு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2009இல் வந்த ஓர் ஆய்வில், துயரச் சம்பவத்துக்கு முன்பும் பின்பும் அதே மாணவர்களை அளந்து பார்த்தபோது, "நான் வளர்ந்துவிட்டேன்" என்று அவர்கள் சொன்னதற்கும் உண்மையில் அவர்களிடம் ஏற்பட்ட மாற்றத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை. எனவே, இந்த ஓராண்டில் நீங்கள் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை, வளரவில்லை என்று தோன்றினால் அதற்காகத் தனியாக ஒரு குற்றவுணர்வு வேண்டாம். அப்பாவின் மரணம் பாடமாக அமைய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இரண்டாவது, உடனே மனம்விட்டுப் பேசிவிட வேண்டும் என்பது. அதிர்ச்சி நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. முறையாகச் சோதித்தபோது அது பின்னாள் பாதிப்பைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்தது. ஆகவே ஆரம்ப நாட்களில் நீங்கள் பேச மறுத்ததைப் பெரிய தவறாக நான் எண்ணவில்லை. பேச்சு வேறு, அருகில் ஒருவர் இருப்பது வேறு. நீங்கள் இழந்தது இரண்டாவதை.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மனைவியைப் பறிகொடுத்தவர். யாரையும் பார்க்க மறுத்தார். பழைய சக ஊழியர் ஒருவர் மட்டும் வாரம் ஒருமுறை வருவார். எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டார். கொடியில் காய்ந்து விறைத்துப்போன துணிகளை எடுத்து வந்து கட்டிலில் போட்டு ஒவ்வொன்றாக மடிப்பார். சட்டைக் காலரை உள்ளங்கையால் நீவி, பித்தானைப் போட்டு, மடித்து அடுக்கிவிட்டுப் போய்விடுவார். ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, இவரும் எதிரே உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தார். "அன்றைக்குத்தான் எனக்கு அழுகையே வந்தது" என்றார் என்னிடம். அவர் நண்பரிடம் அன்றும் ஒன்றும் பேசவில்லை.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன். நோயாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், தங்கை தனியாகச் சுமந்தாள் என்பது மாறாது. அதற்குச் சமாதானம் சொல்லும் வேலையை நான் செய்ய மாட்டேன், நீங்களும் செய்ய வேண்டாம். அவளிடம் போவதைத் தள்ளிப்போடுவது ஏன் என்றும் எழுதியிருக்கிறீர்கள்: நீளமாகச் செய்தி எழுதுகிறீர்கள், அனுப்பும் முன் அழித்துவிடுகிறீர்கள், இவ்வளவு நாள் கழித்து என்ன முகத்தோடு என்று தோன்றுகிறது. வெள்ளம் தலைக்கு மேல் போனபின் சாண் என்ன முழம் என்ன என்ற மனநிலை இது. பழமொழி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உறவுகளில் அது செல்லாது. ஓராண்டு மௌனத்துக்கும் ஐந்தாண்டு மௌனத்துக்கும் மலையளவு வித்தியாசம் உண்டு. இரண்டையும் என் அறையில் பார்த்திருக்கிறேன்.

மற்றவர்கள் நம்மைத் தள்ளிவிடுவார்கள் என்ற நம் கணிப்பு பெரும்பாலும் தப்பாகவே இருக்கிறது. ஃப்ளின், லேக் என்ற இருவர் 2008இல் செய்த சோதனையில், ஐந்து பேர் ஒரு படிவத்தை நிரப்பித் தர எத்தனை பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்று கேட்டபோது சுமார் 20 பேர் என்றார்கள். போய்க் கேட்டபோது சுமார் 10 பேரே போதுமாக இருந்தது. படிவம் நிரப்புவதும் ஓராண்டு மனக்கசப்பும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்கப் போகிறவர் மறுப்பைப் பெரிதாக்கிப் பார்க்கிறார் என்பது நான் நேரில் கண்டதோடும் ஒத்துப்போகிறது. நண்பர்கள் விஷயத்தில் இதுவே போதும். "ரொம்ப நாள் ஆச்சு, அப்போது போனை எடுக்காததற்கு வருந்துகிறேன், பார்க்க முடியுமா" என்ற அளவில் ஒரு செய்தி அனுப்புங்கள். பெரும்பாலோர் அதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

தங்கையிடம் அது போதாது. மன்னிப்புக் கேட்பதில் எந்தப் பகுதி எடுபடுகிறது என்று லெவிக்கியும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் பார்த்தார்கள். "தவறு என்னுடையது" என்று பொறுப்பேற்பதுதான் மிக முக்கியமாக இருந்தது, அடுத்தது அதைச் சரிசெய்ய ஏதாவது செய்ய முன்வருவது. "என்னை மன்னித்துவிடு" என்று கோருவதுதான் எல்லாவற்றிலும் கடைசி. எனக்கு இது மிகவும் சரியாகப் படுகிறது. மன்னிக்கச் சொல்வது அவள் தலையில் இன்னொரு வேலையை வைப்பது. அவள் ஏற்கெனவே நிறையச் செய்துவிட்டாள். உங்கள் மனநிலையை விளக்கும் அந்த நீளமான செய்தியை நீங்கள் அழித்ததும் ஒருவகையில் நல்லதே. அதில் பெரும்பகுதி உங்களைப் பற்றியதாக இருந்திருக்கும். அவள் என்னென்ன செய்தாள் என்று உங்களுக்குத் தெரிந்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: எந்த இரவுகளில் மருத்துவமனையில் இருந்தாள், எந்தக் கையெழுத்துகளைப் போட்டாள், அம்மாவிடம் யார் சொன்னது. அவள் கோபப்பட்டால் நடுவில் தடுக்காமல் கேளுங்கள். அவள் பேசாமல் எழுந்து போகவும் கூடும், அது முடிவான பதில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் அனுபவத்தில் முதல் சந்திப்பு அநேகமாக நன்றாக முடிவதில்லை. மூன்றாவது, நான்காவது சந்திப்பில்தான் எதிராளிக்கு நம்பிக்கை வருகிறது. இது ஆய்வு சொல்வதல்ல, நான் பார்த்தது.

சரிசெய்ய என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அப்பாவின் அலமாரி இன்னும் பூட்டியே இருக்கிறது, யாரும் தொடவில்லை, அம்மா அந்த அறைப் பக்கமே போவதில்லை என்று கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். தங்கை செய்யாமல் விட்ட ஒரே வேலை அதுதான் போலிருக்கிறது. அவளாலும் முடியாத ஒன்று இருந்திருக்கிறது. நீங்களாகப் போய்த் திறந்துவிடாதீர்கள். எப்போது வந்தால் சரியாக இருக்கும் என்று முதலில் அவளைக் கேளுங்கள், அந்த வேலையை நீங்கள் செய்கிறீர்கள், அவள் விரும்பினால் கூட இருக்கட்டும் என்று சொல்லுங்கள். முதல் செய்தியாக இந்த இரண்டு வரியையே அனுப்பலாம்.